டிஸ்க் என்றால் எந்த டிஸ்க்

என் கணவர் ஹெர்பர்ட்டுக்குக் கை சும்மா இருக்காது. பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தவரை அந்தக் கையைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. போன மே மாதம் சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கை காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். சரி, நல்ல காரியம்தான். அடுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைத் திறந்தார். ஓடுகிற மிக்ஸியை ஏன் திறக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சத்தம் சரியில்ல டீனா" என்றார். இப்போது சத்தமே இல்லை. வாசல் மணியைப் பிரித்து மாட்டியதில், யாராவது அழுத்தினால் அது நிற்க மாட்டேன் என்கிறது. பால்காரர் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சர்ச்சில் தமிழ் ஆராதனைக்கு கொயர் நடத்துகிறவள். பாட்டுகளை நாலு குரலுக்குப் பிரித்து, டோ ரே மி என்று எழுத்தாகவே எழுதுகிற சொல்ஃபா முறையில் டைப் செய்து, ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாம் என் பழைய லேப்டாப்பில் இருந்தது. மகள் காலேஜில் படிக்கும்போது வாங்கியது அது. கல்யாணமாகிப் போகும்போது எனக்கு விட்டுப் போனாள். அதில்தான் டிசம்பர் ஆராதனைக்கான என் புதுப் பாட்டும் இருந்தது. வார்த்தை என்னுடையது, மெட்டு என்னுடையது, நாலு குரலும் என்னுடையது. இத்தனை வருஷம் மற்றவர்கள் பாட்டையே பிரித்து எழுதிக்கொண்டிருந்தவள், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று செய்திருந்தேன்.

மிக்ஸி போன மறுநாள் யோசித்தேன். இந்த மனிதர் அடுத்து எதைத் திறப்பார்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் கிருத்திகா, சேலத்துப் பெண், நல்ல பிள்ளை. கொயர் ஃபைல் எல்லாவற்றையும் என் மெயிலுக்கே அனுப்பிக்கொடுத்தாள். இதை ஹெர்பர்ட்டிடம் சொல்லவில்லை. சொன்னால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். இல்லைதான். ஆனால் இத்தனை காலம் குடும்பம் நடத்தியபிறகு அதை முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

இனி ஹெர்பர்ட்டின் புத்தகங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மாதாமாதம் லினக்ஸ் பற்றி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான பத்திரிகை. அட்டைக்குள் ஒரு டிஸ்க் ஒட்டியிருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் விண்டோஸே வேண்டாம், எல்லாம் இலவசம், எல்லாம் நம் கையில் என்பார். ஆனால் ஒரு டிஸ்க்கைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. காலையில் கம்பெனி பஸ், இரவு கம்பெனி பஸ். "ரிட்டயர் ஆனதும் ஒவ்வொண்ணா பாக்கணும்" என்று கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். கட்டிலடி நிறைந்ததும் பீரோ மேல் ஏறியது. தூசி தட்டினது மட்டும் நான்.

ஒருமுறை பால்கனியில் புறாத் தொல்லை தாங்காமல் நாலைந்து டிஸ்க்கை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பளபளவென்று ஆடினால் புறா வராது என்று கொயரில் பாடுகிற ஜூடித் சொல்லியிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாவற்றையும் அவிழ்த்து, பனியனால் துடைத்து, அததற்குரிய உறையில் போட்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. புறா மட்டும் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் மாதம் லேப்டாப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியது போடுங்கள், ஆனால் உங்கள் லேப்டாப் புதியதைத் தாங்காது என்கிற மாதிரி. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஹெர்பர்ட் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்த மாதிரி இருந்தார்.

"இதுக்குத்தான் டீனா நான் இவ்ளோ வருஷமா சேத்து வெச்சேன். இப்ப வர்ற லேப்டாப்புல எல்லாம் டிஸ்க் போடற எடமே கெடையாது. நம்ம வீட்ல உன்னுதுல மட்டும்தான் இருக்கு. கடவுளாப் பாத்து வெச்சிருக்காரு."

"கடவுள் வெச்சது வெச்சபடி இருக்கட்டும். டிசம்பர் முடியற வரைக்கும் என் லேப்டாப்ல கை வெக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

"வெக்க மாட்டேன்பா."

"சத்தியமா?"

"என்ன டீனா, நான் எப்பவாச்சும் உங்கிட்ட பொய் சொல்லியிருக்கனா?"

இல்லை. அதுதான் உண்மை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கம்மா செய்த பிரியாணியில் உப்பு இல்லை என்று சொன்ன மனிதர். அம்மா கடைசிவரை அதை மறக்கவில்லை. நானோ அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சம்மதித்தேன். ஆயிரம் தொல்லை கொடுத்தாலும், இந்த மனிதர் வாயில் பொய் வராது என்கிற ஒரு நிம்மதியில்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஹெர்பர்ட் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மனிதர் என்னை வரவேற்கக் கேட்டில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உள்ளே போனால் சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப் இல்லை.

"எங்கங்க லேப்டாப்?"

"அதுவா? ரொம்ப சூடாவுது டீனா. ஃபேன்ல தூசி. அடுகோடி ஏரியாவுல ஒரு கடையில கிளீன் பண்ண குடுத்திருக்கேன்."

"கை வெக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"நான் எங்க கை வெச்சேன்? கடைக்காரன்தான் வெப்பான்."

சிரிக்க முயன்றார். வரவில்லை. முட்டைக்கோஸ் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஃப்ரிட்ஜில் முட்டைக்கோஸ் இருந்தது.

அவர் தெருமுனை திரும்பியதும் சமையலறைக் குப்பைக்கூடையைப் பார்த்தேன். டிஸ்க் வந்த பிளாஸ்டிக் உறை கசங்கிக் கிடந்தது. இத்தனை வருஷமாக ஒட்டியிருந்த பசை, பிய்க்கும்போது பத்திரிகைத் தாளையும் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்திருந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு பத்தி, தடித்த எழுத்தில்: தொடங்குவதற்கு முன் உங்கள் ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லாம் போய்விடும். உறையோடு வந்துவிட்டதால் அந்தப் பத்தியை அவர் படிக்கவே இல்லை.

புரிந்துவிட்டது. ஃபோனை எடுத்து என் மெயிலைத் திறந்தேன். கொயர் ஃபைல் எல்லாம் பத்திரமாக இருந்தது. புதுப் பாட்டும் இருந்தது. கடைசிச் சரணம்வரை பார்த்துவிட்டு மூச்சு விட்டேன்.

அப்போதே அவரைக் கூப்பிட்டு, "பயப்படாதீங்க, காப்பி இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் வாய் வரவில்லை. ஃபைல் போனதற்காகக் கோபம் இல்லை. ஃபைல்தான் போகவில்லையே! என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரே, அதற்குத்தான். இத்தனை வருஷ நிம்மதியைத் தூசி, ஃபேன் என்று ஒரே வாயில் முடித்துவிட்டார். அவராக வந்து உண்மையைச் சொல்லட்டும், அதுவரை நானாக ஒரு வார்த்தை பேசப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேருக்குமே நிலைகொள்ளவில்லை. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புமுன் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாயந்திரம் வியர்த்து விறுவிறுத்து வருவார். நான் காபியை வைத்துவிட்டுக் கேட்பேன்:

"லேப்டாப் ரெடியா?"

"நாளைக்கு தரேன்றான்."

"ஒரு ஃபேன தொடைக்க இவ்ளோ நாளா?"

"பார்ட் வரணுமாம்."

"தூசிக்குமா பார்ட்?"

எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் திருகிப் பார்ப்பார். உட்காருவார். மறுபடி எழுந்துபோய் அதே கொக்கியைத் திருகுவார். நான் பரீட்சைத்தாளைத் திருத்துகிற பாவனையில் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். சரியான விடைக்கு மார்க் குறைத்து, ஒரு பெண் என்னிடமே வந்து கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் சில நாள் அவரைக் குத்திப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் திணறுவதைப் பார்த்து, மிக்ஸிக்கும் வாசல் மணிக்கும் சேர்த்துப் பழி தீர்த்துக்கொண்டேன். ஜெபத்தில்கூட அவருக்காக வேண்டுகிற மாதிரி, "பொய் நாவை விலக்கும்" என்று சத்தமாக வேண்டினேன். ஆமென் சொல்லும்போது அவர் குரல் உள்ளே போய்விட்டது.

புதன்கிழமை கொயர் பிராக்டிஸ். எனக்குத் தலைவலி, வரவில்லை என்று ஜூடித்துக்கு ஃபோன் செய்தேன். ஜூடித் மேல்குரலான சோப்ரானோ பாடுகிறவள். வாயில் எதுவும் நிற்காது.

"ஆன்ட்டி, அங்கிள் என்ன பண்றாரு தெரியுமா? உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. சர்ப்ரைஸாம்."

"என்ன சர்ப்ரைஸு?"

"எங்க வீட்டுக்கு வந்து என்கிட்ட இருந்த கொயர் பேப்பர் எல்லாத்தையும் ஃபோட்டோ புடிச்சிட்டுப் போனாரு. ஆல்ட்டோக்காரங்க வீடு ஒண்ணு விடல. லாயிட் அண்ணன்தான் பேப்பரே வெச்சிக்க மாட்டாரே, காதுல கேட்டு பாடற ஆளு. அங்கிள் அவர உக்கார வெச்சி, டெனார் முழுக்க பாடச் சொல்லி, எழுதிக்கிட்டாராம்! அங்கிளுக்கு சொல்ஃபா தெரியுமா ஆன்ட்டி?"

தெரியாது. ஹெர்பர்ட் கீழ்க்குரல் பாடும் பேஸ் வரிசையில் நிற்கிறவர். நிற்கிறவர் என்றால், பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்து வாய் அசைக்கிறவர். டோவுக்கும் சோவுக்கும் வித்தியாசம் கேட்டால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லாயிட் வீடு கம்மனஹள்ளியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவருக்கு முழங்கால் வலி. அந்த மனிதர் ஏறிப்போய், தெரியாத எழுத்தில், ஒவ்வொரு ஸ்வரமாக எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் ஃபோனிலோ எல்லாம் இருக்கிறது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சாயந்திரம் வந்தார். காபி வைத்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "பார்ட் வந்திடுச்சாம் டீனா, சீக்கிரம் தந்துடுவான்" என்றார்.

மறுபடியும் பொய்! வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்லட்டும். முதலில் அவர் சொல்லட்டும், அப்புறம் நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மட்டன் குழம்பு வைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டால், மேசைமேல் லேப்டாப் இருந்தது. திறந்து வைத்திருந்தார். முகப்பில் நான் பார்த்தே இராத ஒரு ஊதா நிறம். பக்கத்தில் ஒரு கட்டுத் தாள். கோட்டுக்குக் கோடு ரப்பர் போட்டு அழித்து, மறுபடி எழுதிய தாள்கள். அவர் உட்காரவில்லை. கம்பெனியில் மேனேஜர் முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"ஃபேன்ல தூசி எல்லாம் இல்ல டீனா. நான்தான் லினக்ஸ் போட்டேன். உன் ஃபைல் எல்லாம் போயிடுச்சி."

குழம்புச் சட்டியை மேசைமேல் இறக்கி வைத்தேன்.

"நான் வேணும்னு பண்ணல. புக்குல போட்டிருந்த மாதிரியேதான் ஒவ்வொண்ணா பண்ணேன். நடுவுல ஒரு எடத்துல, எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால், சரியான்னு கேட்டுச்சி. ஹார்ட் டிஸ்க்னு போடல டீனா, வெறும் டிஸ்க். நம்ம வீட்ல டிஸ்க்னா என்ன? அந்த புக்குல வர்றதுதானே? உள்ள போட்டிருக்கற டிஸ்க்கத்தான் அழிக்கப் போவுது, ஒரு வாட்டி போட்டா அதோட அது தீந்துடும் போலன்னு நெனச்சேன். கைய எடுத்துட்டேன். எவ்ளோ வருஷமா ஒரு கீறல் விழாம வெச்சிருந்த டிஸ்க். அப்புறம், உனக்காகத்தானே, போனா போவட்டும்னு அழுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. கண்ணும் கலங்கியது. எனக்காகத் தன் டிஸ்க்கைத் தியாகம் செய்தாராம்!

"முடிஞ்சப்புறம் வெளிய எடுத்துப் பாத்தா, அந்த டிஸ்க் அப்படியே இருக்கு. உன்னுதுதான் இல்ல. எஸ்.பி. ரோட்ல நாலு கம்ப்யூட்டர் கடை ஏறி எறங்கினேன். அடுகோடியில ஒருத்தன் ரெண்டு நாள் வெச்சிப் பாத்தான். எல்லா ஹோய்த்து சார், எல்லாம் போச்சுன்னுட்டான். உங்கிட்ட சொல்ல பயம். அதான் பொய் சொன்னேன். ஒண்ணு சொன்னா அதுக்கு மேல ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சி. தூக்கமே இல்ல."

தாள்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"கெடச்சதெல்லாம் வாங்கி, திரும்ப டைப் பண்ணி இதுலயே போட்டுட்டேன். லாயிட் பாடினது கரெக்டான்னு எனக்குத் தெரியாது. நீ பாத்து திருத்திக்கோ. உன் புதுப் பாட்டுல கடைசி சரணம் மட்டும் யார்கிட்டயும் இல்ல. நீ இன்னும் குடுக்கலையாம். அந்த எடத்த காலியா விட்டிருக்கேன்."

புரட்டிப் பார்த்தேன். லாயிட் வழக்கம்போல் சுருதிக்குக் கீழே இறங்கித்தான் பாடியிருந்தான். இவர் அந்த இறக்கத்தையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். பேஸ் வரிசை மட்டும் ஒரு பிழை இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் வாயசைத்தவர், ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கடைசிச் சரணத்துக்கு வார்த்தை இல்லாமல் கோடுகள் மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.

அவர் சொல்லிவிட்டார். இனி என் முறை. "ஏங்க" என்று ஆரம்பித்தேன்.

"இரு டீனா, இன்னும் ஒண்ணு சொல்லிடறேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கை இரண்டையும் மேசைமேல் வைத்தார். அந்தக் கை அசையவில்லை. "அடுகோடி கடைக்காரன் கேட்டான், மேடம் வேற எங்கயாச்சும் காப்பி வெச்சிருப்பாங்களே சார்னு. நான் சொன்னேன், அவ அப்படி வெக்கற ஆளு இல்லப்பா, வீட்ல நான் இருக்கேன், எங்க போயிடப் போவுதுன்னு எல்லாத்தையும் அதுலயே விட்டிருந்தான்னு. அத சொல்லும்போதுதான் எனக்குத் தாங்கல. மிக்ஸி போச்சி, பெல் போச்சி, அதுக்கப்புறமும் நீ என்னை நம்பினியே."

குழம்பில் எண்ணெய் படிந்துகொண்டிருந்தது. என் ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. என்னால் முடியவில்லை. அவர் வாயால் உண்மை வரவேண்டும் என்று இத்தனை நாள் அவரைப் பாடாய்ப்படுத்தியவள், என் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"இனிமே என்னை நம்பி எதையும் விடாத டீனா. ஒரு காப்பி எடுத்து தனியா வெச்சிடு. எனக்குத் தெரியாம வெச்சாலும் பரவால்ல. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"சரிங்க" என்றேன்.

"கடைசி சரணம் ஞாபகம் இருக்கா?"

"பாக்கணும். யோசிச்சாதான் வரும்."

பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அவர் போட்டு வைத்திருந்த கோட்டின்மேல் முதல் வார்த்தையை எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் நிறுத்தி, விட்டத்தைப் பார்த்து, அடுத்த வார்த்தையை எழுதினேன். "அவசரமில்ல, மெதுவா யோசி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று தட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை, தெரியாததுபோல் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன்.